கறுப்புப் பட்டை என்னும் முதற்படி

மும்பை மாநகரின் மாட்டுங்காப் பகுதியில் மாலை நேரத்தில் நடந்து செல்வோர்க்கு, தாம் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறோம் என்பது சிறிது நேரம் மறந்துபோகும். கோயிலை அடுத்த கடைகளில் மல்லிகைச் சரம் தொடுக்கும் கைகள், காப்பிக்கொட்டை வறுபடும் மணம், உடுப்பி ஓட்டல்களின் வாயிலில் காத்து நிற்கும் கூட்டம், சண்முகானந்த மண்டபத்துக் கச்சேரிக்கு முன்கூட்டியே புறப்பட்டுவிட்ட பெரியவர்கள் ஆகிய இவையெல்லாம் நம்மவர் பல தலைமுறைகளாக இங்கே வேரூன்றி இருப்பதன் அடையாளங்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் இங்கே 1932-ஆம் ஆண்டில் தோன்றியது. மாட்டுங்காக் குழந்தைகளுக்கு மாலைப் பொழுது என்றால் நெடுங்காலமாகப் பாட்டு வகுப்பும் நடன வகுப்புமே நினைவுக்கு வரும்.

இன்று அந்த மாலைக் காட்சியில் இன்னொன்றும் சேர்ந்துள்ளது. முரட்டுத் துணியில் தைத்த வெள்ளை உடையும், இடுப்பில் மஞ்சள், பச்சை, பழுப்பு நிறப் பட்டையுமாகச் சிறுவர் சிறுமியர் பள்ளிக்கூட மண்டபங்களை நோக்கி விரைகின்றனர். தில்லி, கொல்கத்தா, பெங்களூர் முதலிய நகரங்களில் வாழும் அன்பர்களும் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். பலர் வீட்டில் அப்படி ஒரு பட்டை கொடியில் உலர்ந்துகொண்டும் இருக்கலாம். பிள்ளைகள் ‘பிளாக் பெல்ட்’ என்று கனவு காணும் அந்தக் கறுப்புப் பட்டை யாது, அது எங்கிருந்து வந்தது, அதைப் பெறுவதற்கு என்ன வேண்டும், பெற்றபின் கிடைப்பது என்ன என்பவற்றை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதைப் பற்றி நாம் எண்ணத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்மாடியில் ஒரு குடும்பம் இருக்கிறது. தந்தையார் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்கர். அவருடைய மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது கராத்தே பழகத் தொடங்கினாள். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் பழுப்புப் பட்டை வரை வந்துவிட்டாள். பத்தாம் வகுப்பு நடந்துகொண்டிருந்த ஆண்டின் அக்டோபரில் கறுப்புப் பட்டைக்கான தேர்வுக்குச் சென்றாள், தேறவில்லை. அன்றிரவு தந்தையார் நம் வீட்டுக்கு வந்து அமர்ந்தார். “ஏழு வருஷம் போய்விட்டது சார். பட்டையும் கிடைக்கவில்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு. இத்தோடு நிறுத்திவிடச் சொல்லலாமா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குக் கராத்தேயைப் பற்றி அந்நாளில் ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, கிடைத்த நூல்களைப் படிக்கலானோம். அப்போது அறிந்தவற்றையே இங்கே வரிசைப்படுத்திக் கூறுகிறோம்.

கறுப்புப் பட்டையின் வரலாறு கராத்தேயில் தொடங்கவில்லை, ஜூடோவில் தொடங்குகிறது. அதற்கு மூலவராக இருந்தவரும் ஒரு மாணவரே. கனோ ஜிகோரோ என்பவர் ஜப்பானில் 1860-ஆம் ஆண்டில் பிறந்தவர். குள்ளமான, மெலிந்த உடல்வாகு உடையவர். படிப்பில் முன்நின்றாலும், பள்ளி விடுதியில் வலிய பிள்ளைகள் அவரைத் துன்புறுத்தி வந்தனர். ஜுஜுத்சு என்னும் பழைய மற்கலையைக் கற்றால் பலம் குறைந்தவனும் பலசாலியை வெல்லலாம் என்று கேள்வியுற்ற அவர், ஆசான் ஒருவரைத் தேடி அலைந்தார். ஆனால் நாட்டில் மேனாட்டு நாகரிகம் பெருகிவந்த காலம் அது. பழைய கலைகளைக் கற்பிப்பார் அருகியிருந்தனர். 1877-ஆம் ஆண்டில், தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான், ஃபுகுடா ஹச்சினோசுகே என்னும் ஆசானிடம் அவர் மாணாக்கராக முடிந்தது.

அங்கேயும் வெற்றி எளிதில் வரவில்லை. உடலெங்கும் சிராய்ப்பும் களிம்புமாகவே அவர் கல்லூரிக்குச் சென்றுவந்தார். உடன் பயின்றவர்களுள் ஃபுகுஷிமா என்ற பருத்த உடலினர் ஒருவரை அவரால் எவ்வளவு முயன்றும் வீழ்த்த இயலவில்லை. கனோ நூலகத்திற்குச் சென்றார். மேனாட்டு மல்யுத்த நூல் ஒன்றில், எதிரியைத் தோள்மேல் ஏற்றி எறியும் முறை ஒன்றைக் கண்டெடுத்தார். அதைப் பலகாலும் பழகிப் பார்த்து, முடிவில் அந்தப் பருத்த மனிதரை அம்முறையாலேயே தூக்கி எறிந்தார். ‘கதா குருமா’ என்ற பெயரில் அந்த எறிமுறை ஜூடோவில் இன்றும் கற்பிக்கப்படுகிறது. தோல்வியைக் கண்டு துவளாமல் தோற்றதன் காரணத்தைத் தேடிச் சென்ற அந்த மாணவர், 1882-ஆம் ஆண்டில், தம் 21-ஆம் வயதில், எய்ஷோஜி என்னும் புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு இடத்தில், கோடோகன் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். ஜூடோ பிறந்தது அங்கேதான்.

மாணவர்களின் தேர்ச்சியைக் குறிக்க ஓர் அளவுகோல் அவருக்குத் தேவைப்பட்டது. ‘கோ’ என்னும் காய்நகர்த்தும் ஆட்டத்தில் வல்லவர்களைத் தரம்பிரிக்க ஜப்பானியர் வழங்கிவந்த ‘டான்’ என்ற சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். டான் என்றால் படி என்பது பொருள். 1883-ஆம் ஆண்டில் தொமிதா, சைகோ என்னும் இரு மாணவர்களுக்கு முதல் டான் தகுதியை அளித்தார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, அத்தகுதி பெற்றோர் கறுப்புப் பட்டை அணியும் வழக்கம் வந்தது. மற்றையோர்க்கு வெள்ளை, தகுதி பெற்றோர்க்குக் கறுப்பு. தொடக்கத்தில் இருந்த வேறுபாடு இவ்வளவே. இன்று நாம் காணும் பல நிறப் பட்டைகள் பின்னர் ஐரோப்பாவில் ஜூடோ பரவியபோது பெருகியவை. 1930களில் பாரிஸ் நகரில் கற்பித்த கவைஷி என்னும் ஆசான் அம்முறைக்குப் பெரும் செல்வாக்குத் தந்தார். நெடுந்தொலைவில் இருக்கும் கறுப்பை மட்டும் காட்டினால் மாணவர் சோர்வர். இடையிடையே சிறு நிலையங்கள் இருந்தால் பயணம் தொடரும் என்பதே அதன் கருத்து.

இவ்விடத்தில் ஒரு கதையை விலக்க வேண்டியுள்ளது. முற்காலத்தில் வெள்ளைப் பட்டையைத் துவைக்காமலே பல்லாண்டு அணிந்ததால் அழுக்கேறிக் கறுத்து, அதுவே கறுப்புப் பட்டை ஆயிற்று என்று பயிற்சிக்கூடங்கள் பலவற்றில் கூறுவார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே கண்டபடி, கறுப்புப் பட்டை ஓர் ஆசிரியர் எண்ணி ஏற்படுத்திய அடையாளம்; அழுக்கால் விளைந்ததன்று.

இனிக் கராத்தேக்கு வருவோம். இது ஜப்பானின் தென்கோடியில் உள்ள ஓகினாவாத் தீவின் கலை. அங்கே மறைவாகப் பயிலப்பட்டு வந்த இக்கலையை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதோசு அங்கோ என்னும் ஆசான் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியாகக் கற்பிக்க வழிசெய்தார். சிறுவர்க்கு ஏற்றவாறு ஐந்து பயிற்சித் தொடர்களையும் அவர் வகுத்தார். அவருடைய மாணாக்கருள் ஒருவர் ஃபுனகோஷி கிச்சின். 1868-ஆம் ஆண்டில் பிறந்த இவர், இளமையில் நோஞ்சானாக இருந்தவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு, இரவில் ஆசான் வீட்டுக்கு நடந்து சென்று பழகினார். ‘கதா’ என்று சொல்லப்படும் அசைவுத் தொடர்களில் தெக்கி என்ற மூன்றை மட்டும் பழகுவதற்குத் தமக்குப் பத்தாண்டு ஆயிற்று என்பதை அவரே தம் தன்வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். ஒன்றில் ஆசான் நிறைவு கொள்ளும் வரை மற்றொன்றுக்குச் செல்ல இசைவு கிடையாது.

1922-ஆம் ஆண்டில் ஃபுனகோஷி தோக்கியோவில் இக்கலையை அரங்கேற்றிக் காட்டினார். கனோ அவரைக் கோடோகனுக்கு அழைத்துச் செய்து காட்டச் சொல்லிப் பாராட்டினார். கனோவின் தரவரிசை முறையைத் தாமும் ஏற்றுக்கொண்ட ஃபுனகோஷி, 1924-ஆம் ஆண்டில் கராத்தேயில் முதன்முதலாகக் கறுப்புப் பட்டை வழங்கினார். ஆக, ஒரு கலை மற்றொரு கலையிடமிருந்து இரவல் பெற்ற சின்னம் இது. கொரிய நாட்டுத் தேக்வாண்டோவும் இதே முறையைத் தழுவியது. அங்கே பதினைந்து வயது நிரம்பாத சிறுவர்க்கு டான் தகுதி தருவதில்லை. ‘பூம்’ என்ற தனித் தகுதியும் சிவப்பும் கறுப்பும் கலந்த பட்டையும் தருகிறார்கள். உடலும் உள்ளமும் முதிர வேண்டும் என்பதை அவ்விதி நினைவூட்டுகிறது.

தமிழராகிய நமக்கு இங்கே போதிதர்மரின் நினைவு வருவது இயல்பு. காஞ்சியிலிருந்து சீனம் சென்ற அவரே இக்கலைகளுக்கெல்லாம் தந்தை என்று பலரும் பெருமையுடன் கூறுகிறோம். அவர் தென்னிந்தியாவிலிருந்து சென்றவர் என்னும் மரபு பழமையானதே. ஆனால் அவரைப் போர்க்கலையுடன் இணைக்கும் செய்தி, அவர் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சீன நூலிலிருந்தே தொடங்குகிறது. வரலாற்றறிஞர் அதை ஏற்பதில்லை. நமக்கென்று சிலம்பம் இருக்கிறது. அண்டை நாடான கேரளத்தில் களரி இருக்கிறது. களரியில் மெய்ப்பயிற்சி, கோல், ஆயுதம், வெறுங்கை என்ற ஒழுங்கில் பாடம் நடக்கும். நிறப் பட்டை இல்லாவிட்டாலும் படிமுறை அங்கும் உண்டு. பெருமைக்கு இவையே போதும்.

கறுப்புப் பட்டைத் தேர்வில் என்ன கேட்கிறார்கள்? கராத்தேயில் பொதுவாக மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது கிஹொன், குத்து, உதை, தடுப்பு, நிற்கும் நிலை முதலிய அடிப்படைகள். இரண்டாவது கதா, கற்பனை எதிரிகளை எதிர்கொள்வதுபோல் வகுக்கப்பட்ட அசைவுத் தொடர். மூன்றாவது குமித்தே, எதிராளியுடன் கட்டுப்பாட்டோடு மோதுதல். தொடக்க மாணவருக்குரிய தரங்களைக் ‘கியூ’ என்பர். இவை பத்திலிருந்தோ ஒன்பதிலிருந்தோ ஒன்றை நோக்கி இறங்கிவரும். அதன்பின் டான் தரங்கள் ஒன்றிலிருந்து மேலே ஏறும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பழகும் பிள்ளை முதல் டானை எட்டப் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதற்கு மேலும் ஆகலாம்.

முதல் டானுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் ‘ஷோடான்’. இச்சொல் நம்மைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தது. ‘ஷோ’ என்றால் தொடக்கம். ‘டான்’ என்றால் படி. அதாவது, நம் பிள்ளைகள் சிகரம் என்று எண்ணும் கறுப்புப் பட்டைக்கு, அதை ஏற்படுத்தியவர்கள் வைத்த பெயர் ‘தொடக்கப்படி’ என்பதே! எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கத் தெரிந்துவிட்டது, இனிமேல் நூல்களைப் படிக்கலாம் என்று ஒரு குழந்தைக்குச் சொல்வது போன்றது அது. பட்டையை முடிவாக எண்ணும் பிள்ளை, அது கிடைத்த மறுநாளே பயிற்சியை விட்டுவிடும். கிடைக்காவிட்டால் அன்றைக்கே விட்டுவிடும். தொடக்கமாக எண்ணும் பிள்ளைக்கோ இரண்டு நாளும் ஒன்றுதான்.

இந்த உண்மை மாட்டுங்காவாசிகளுக்குப் புதிதன்று. பாட்டுக் கற்கும் குழந்தை சரளி வரிசையை எத்தனை முறை பாடுகிறது! நாட்டியம் பயிலும் சிறுமி தட்டடவை எத்தனை மாதம் ஆடுகிறாள்! அரங்கேற்றம் என்பது கற்றலின் முடிவன்று, சபைமுன் நிற்பதற்கான தொடக்கம் என்று நாமே எத்தனை மேடைகளில் வாழ்த்துரை கூறியிருக்கிறோம். ஆனால் நம் பிள்ளை வெள்ளுடை உடுத்தவுடன் இந்த அறிவு நம்மைவிட்டு அகன்றுவிடுகிறது. “அடுத்த நிறம் எப்போது?” என்பதே நம் வாயில் வரும் முதற்கேள்வியாகிறது.

இந்த அவசரத்தை விலைக்கு வாங்கிக்கொள்ள ஆட்களும் இருக்கிறார்கள். ஓராண்டில் கறுப்புப் பட்டை என்று சொல்லிக் கட்டணத்தை முன்னதாகவே பெற்றுக்கொள்ளும் இடங்கள் எந்நகரத்திலும் உண்டு. ஆதலின் பெற்றோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் யாரிடம் கற்றவர், அவருக்குத் தகுதி அளித்த அமைப்பு எது என்று தயக்கமின்றிக் கேட்கலாம். பயிற்சி நடக்கும்போது பெற்றோர் உடனிருந்து பார்க்க இசைவு உண்டா என்று அறிய வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு கற்பிக்கும் இடத்துக்குக் குழந்தையை அனுப்பலாகாது. தேர்வில் தேறாதவரும் அங்கே இருக்கிறார்களா என்பதும் நல்லதோர் உரைகல். எல்லோரும் எப்போதும் தேறும் தேர்வு தேர்வாகாது. மோதலின்போது காப்புக் கவசம் அணிவிக்கிறார்களா, அடிபட்ட பிள்ளைக்கு ஓய்வு தருகிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயன் எது என்பதிலும் தெளிவு வேண்டும். கராத்தே 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 2024-இல் பாரிஸில் இடம்பெறவில்லை. எனவே பதக்கத்தை மட்டும் குறியாகக் கொள்வது பொருந்தாது. பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டால் தெருவில் எவரையும் வெல்லலாம் என்பதும் மயக்கமே. முதலடி தன்னுடையதாக இருத்தலாகாது என்றும், ஆபத்து உள்ள இடத்தைவிட்டு விலகுவதே அறிவு என்றும் நல்லாசிரியர் கற்பிப்பர். மின்ரயிலின் நெரிசலில் தனியே சென்றுவரும் நம் பெண்களுக்கு இதனால் கிடைப்பது, நிமிர்ந்து நிற்கும் நிலையும், உரத்த குரலில் “விலகு” என்று சொல்லும் துணிவும். மத்திய இரயில்வேயின் மாட்டுங்கா நிலையம் 2017-ஆம் ஆண்டில் முழுவதும் பெண் பணியாளரைக் கொண்டு இயங்கத் தொடங்கியதைக் கண்ட ஊர் இது. அந்தத் துணிவின் மதிப்பை இவ்வூரார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. செலவும் பெரிதன்று. வெறுங்காலும் வெறுந்தரையும் போதும். தாராவியிலிருந்து நடந்து வரும் பிள்ளையும் காரில் வந்து இறங்கும் பிள்ளையும் ஒரே வரிசையில் ஒரே உடையில் நிற்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து இவற்றைத் தந்தையாரிடம் கூறினோம். பிறகு அப்பெண்ணையே அழைத்து, “ஏனம்மா தேறவில்லை?” என்று வினவினோம். அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ எழுந்து நின்று காட்டினாள். “மாமா, பஸ்ஸாய் என்ற கதாவில் பின்காலில் பத்துக்கு ஏழு பங்கு எடை இருக்கணும். எனக்குக் களைத்துப் போனால் எடை முன்காலுக்கு வந்துவிடுகிறது. தேர்வாளர் அதைப் பார்த்துவிட்டார். அவர் சொன்னது சரிதான்” என்றாள். தோல்வியின் காரணத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையைப் பார்த்துத் தந்தையார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. கணக்கில் பிழை எந்த வரியில் வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவர் தொழிலில் அவர் அறிந்த உண்மைதானே!

ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பொதுத்தேர்வு வரை வகுப்பு வாரத்தில் ஒரு நாள் மட்டும். நாள்தோறும் காலை ஐந்தரைக்கு மொட்டைமாடியில் அரை மணி நேரம், அந்த ஒரு கதா மட்டும். நாம் பால் வாங்க இறங்கும் நேரத்தில் மேலே கால் தேய்க்கும் ஓசை கேட்கும். சமையலறையில் தாயாருக்குத் தேங்காய் துருவிக் கொடுக்கும்போதும் அவள் பின்காலில் எடையைத் தாங்கியே நின்றாள் என்று தாயார் சிரித்துக்கொண்டே குறை கூறினார். மார்ச்சில் பொதுத்தேர்வை எழுதினாள்; நல்ல மதிப்பெண் பெற்றாள். அக்டோபரில் மறுபடியும் கறுப்புப் பட்டைத் தேர்வுக்குப் போனாள். இம்முறை தந்தையார் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் சென்றார். தேறிவிட்டாள்.

அடுத்த வாரம் அவ்வழியே சென்றபோது பள்ளி மண்டபத்தில் எட்டிப் பார்த்தோம். புதிய கறுப்புப் பட்டை முடிச்சில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. அவள் முன்வரிசையில் இல்லை. மண்டபத்தின் கோடியில், அன்றுதான் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முன்னால் மண்டியிட்டு, அவனுடைய காலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் கால் மறுபடியும் நழுவியது. அவள் மறுபடியும் எடுத்து வைத்தாள்.